கேட்புத்திறன் சோதனைக்கு எந்த ஹெட்போன்: காது மேல் அமர்வதா, காதை மூடுவதா, காதுக்குள் செருகுவதா?

வேலூர்ப் பக்கம் கேட்புத்திறனை அளக்கும் ஆடியோமீட்டர் வாங்க விசாரிக்கிறவர்களில் பெரும்பாலானோர் இரண்டு ரகம். காட்பாடியிலோ ஆற்காட்டிலோ சின்னதாகக் கேட்பு மையம் திறக்கிறவர்கள் ஒரு ரகம். ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத் தொழிற்சாலைகளில் ஆண்டுதோறும் தொழிலாளர்களின் காதைச் சோதிக்க வேண்டியவர்கள் இன்னொரு ரகம். விலைப்பட்டியல் கைக்கு வந்ததும் இருவருமே தடுமாறுவது ஒரே வரியில்தான். மெஷின் ஒன்று, ஹெட்போன் மட்டும் மூன்று விதம். எதை டிக் அடிப்பது?

விலை குறைந்ததை டிக் அடித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஆடியோகிராமில் விழும் ஒவ்வொரு புள்ளியும் மெஷின், ஹெட்போன், அறை மூன்றும் சேர்ந்து போட்ட கணக்கு. மெஷினைத் தொடாமல் மற்ற இரண்டில் ஒன்றை மாற்றினாலே அதே காதுக்கு 10, 15 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். சான்றிதழுக்கோ இழப்பீட்டுக்கோ போகிற ஆள் என்றால் அந்த 15 டெசிபலில்தான் அவர் வழக்கே நிற்கும்.

இன்னொன்று. பாட்டு அருமையாகக் கேட்கிற ஹெட்போன் சோதனைக்கும் அருமையாக இருக்கும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. பாட்டு ஹெட்போன் நம்மை மகிழ்விக்க ட்யூன் செய்யப்பட்டது. பாஸை ஏற்றி, சில இடங்களை வேண்டுமென்றே தூக்கி வைத்திருப்பார்கள். சோதனை ஹெட்போனுக்கு வேலை வேறு: யார் தலையில் வைத்தாலும், எத்தனை முறை கழற்றி மாட்டினாலும், 1,000 ஹெர்ட்ஸில் மெஷினில் வைத்த அளவை அப்படியே தர வேண்டும். டெலிஃபோனிக்ஸ் கம்பெனியின், காது மேல் அமரும் டிடிஎச்-39-இல் இளையராஜாவைக் கேட்டால் பழைய டிரங்க் கால் மாதிரி இருக்கும். ஆனாலும் பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்க ஆடியோகிராம் போட்டுக்கொடுப்பது அதுதான்.

## எதை வைத்து எடை போடுவது

அறையின் இரைச்சல் எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிறது. 0 டெசிபல் (நல்ல காதுக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலி) வரை சோதிக்க வேண்டுமானால் அறையில் எவ்வளவு இரைச்சல் இருக்கலாம் என்று அமெரிக்கத் தரநிலையான ஏஎன்எஸ்ஐ எஸ்3.1 (1999) அதிர்வெண் பட்டை பட்டையாகச் சொல்கிறது. காது மேல் அமரும் ஹெட்போன் என்றால் 500 ஹெர்ட்ஸ் பட்டையில் 21 டெசிபலுக்கு மேல் கூடாது. அதே இடத்தில் காதுக்குள் செருகும் இன்சர்ட் போட்டால் 50 டெசிபல் வரை போகலாம். மின்விசிறி ஓடும், தெருப்பக்கம் ஜன்னல் வைத்த ஒரு அறையில் 21 டெசிபல் நடக்கிற காரியமில்லை.

அறையை அளக்க ஃபோன் ஆப்பை நம்பாதீர்கள். பெரும்பாலான ஆப் காட்டும் ஒற்றை எண் ஏ-வெயிட்டிங் செய்தது. அது 125 ஹெர்ட்ஸில் 16 டெசிபலையும் 250-இல் கிட்டத்தட்ட 9 டெசிபலையும் கழித்துவிட்டுத்தான் காட்டும். ஏசி கம்ப்ரஸர், ஜெனரேட்டர், லாரி உறுமல் எல்லாம் வாழ்கிற இடமே அந்தக் கீழ்ப் பட்டைகள்தான். ஆக்டேவ் பட்டை அளக்கும் சவுண்ட் லெவல் மீட்டரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, ஃபேன் ஓடும்போதும் நிறுத்தியும், பகல் போக்குவரத்து உச்சத்தில் இருக்கும்போதும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வரப்போகும் காதுகள் அடுத்தது. பள்ளிப் பிள்ளைகளா, எழுபது தாண்டிய பெரியவர்களா, சீழ் வடியும் காதா, காதுக்குப் பின்னாலுள்ள மாஸ்டாய்டு எலும்பில் அறுவை சிகிச்சை ஆன காதா என்பதைப் பொறுத்து ஒரே ஹெட்போன் ஒருவருக்குச் சரியாகவும் இன்னொருவருக்குத் தப்பாகவும் காட்டும்.

காலிப்ரேஷன், அதாவது மெஷினில் வைத்த அளவுதான் ஹெட்போனில் வருகிறதா என்று அளந்து சரிசெய்வது, மூன்றாவது. ஒவ்வொரு ஹெட்போனுக்கும் 0 டெசிபல் என்பது வேறு வேறு ஒலி அழுத்தம். 1,000 ஹெர்ட்ஸில் டிடிஎச்-39-க்கு 7 டெசிபல், காதை மூடும் சென்ஹைசர் எச்டிஏ-200-க்கு 5.5, இஆர்-3ஏ இன்சர்ட்டுக்கு 0. ஒவ்வொன்றையும் அளக்கும் கப்ளரும் (காதுக்குப் பதிலாக ஹெட்போனைப் பொருத்தும் சிறு அறை) வேறு: முதலாவதற்கு 6 சிசி, கடைசிக்கு 2 சிசி, நடுவில் இருப்பதற்குச் செயற்கைக் காதும் அதன்மேல் ஒரு தட்டையான அடாப்டரும். அதனால் ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றை அதே ஓட்டையில் செருகி ஓட்ட முடியாது. ஒரே மாடலில் இன்னொரு ஜோடியைச் செருகுவதும் தப்புதான். மெஷினோடு ஜோடியாகக் காலிப்ரேட் ஆன சீரியல் எண் மட்டுமே செல்லும்.

தேய்ந்து போகும் குஷனும் டிப்பும் எவ்வளவு செலவு வைக்கும், எந்த அதிர்வெண் வரை போக வேண்டும், யார் மாட்டிவிடப் போகிறார்கள் என்பதெல்லாம் இதற்குப் பிறகு.

வெளிச் சத்தத்தை மூன்றும் எவ்வளவு தடுக்கும் என்பதை மட்டும் அட்டவணையில் பார்த்துவிடலாம். எண்கள் டெசிபலில், தோராயமானவை, சரியாகப் பொருத்தியிருந்தால்.

| அதிர்வெண் | காது மேல் (டிடிஎச்-39) | காதை மூடுவது (எச்டிஏ-200 வகை) | இன்சர்ட் (இஆர்-3ஏ) |
|---|---|---|---|
| 250 ஹெர்ட்ஸ் | 5 | 16 | 36 |
| 500 ஹெர்ட்ஸ் | 7 | 23 | 38 |
| 1,000 ஹெர்ட்ஸ் | 15 | 29 | 37 |
| 4,000 ஹெர்ட்ஸ் | 32 | 46 | 40 |

500 ஹெர்ட்ஸ் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அறையில் அந்தப் பட்டையில் 40 டெசிபல் இரைச்சல் என்று வைத்துக்கொள்வோம். டிடிஎச்-39 மாட்டினால் 33 டெசிபல் உள்ளே வரும். முழு ஆரோக்கியமான காதுகூட அங்கே 10 முதல் 15 டெசிபல் வரை குறைவாகக் கேட்பதாகப் பதிவாகும். காதை மூடும் வகையில் 17 டெசிபல்தான் வரும். பாதிப்பு ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும். இன்சர்ட்டில் மிஞ்சுவது 2 டெசிபல், கணக்கில் வராது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கான ஓஷா விதி 500 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் இரைச்சலை அனுமதிக்கிறது. அந்த விதியைக் காட்டி "அறை பாஸ்" என்று எழுதித் தருகிறவர்கள் உண்டு. விதிப்படி பாஸ்தான், ஆடியோகிராம்தான் ஃபெயில்.

## காது மேல் அமர்வது: டிடிஎச்-39, டிடி-45 வகை

வட்டமான ரப்பர் குஷன், காது மடலின் மேல் அழுத்தி உட்காரும். தலைப்பட்டை 4.5 நியூட்டன் விசையில் அழுத்த வேண்டும் என்பது தரநிலை. பட்டை வருடக்கணக்கில் விரிந்து தளர்ந்தால் இந்த விசை குறையும், கீழ் அதிர்வெண்கள் பக்கவாட்டில் கசியும், 250 ஹெர்ட்ஸில் எல்லோருக்கும் 10 டெசிபல் குறைவு வர ஆரம்பிக்கும். ஒரே மையத்தில் வரிசையாக ஐந்தாறு பேருக்கு இடமும் வலமும் 250-இல் மட்டும் இறக்கம் தெரிந்தால் காதைச் சந்தேகிப்பதற்கு முன் தலைப்பட்டையைப் பாருங்கள்.

இதன் பலம்: விலை குறைவு, தேய்மானம் குறைவு, மாட்ட ஐந்து விநாடி, காலிப்ரேட் செய்து தருகிறவர்கள் சுலபமாகக் கிடைப்பார்கள். பழைய ஆடியோகிராம்களோடு ஒப்பிட வேண்டுமானால் அவையும் பெரும்பாலும் இதில் எடுத்தவையாகவே இருக்கும்.

பலவீனங்களில் மூன்று முக்கியம்.

முதலாவது, காதுக் குழாய் மடங்குவது. வயதானவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் குழாயின் வெளிப்பாதி குருத்தெலும்பு தளர்வாக இருக்கும். குஷன் மடலை அழுத்தியதும் குழாய் வாய் மூடிக்கொள்ளும். உடனே மேல் அதிர்வெண்களில், குறிப்பாக 2,000 முதல் 4,000 வரை, 15 முதல் 30 டெசிபல் வரை இல்லாத இழப்பு தோன்றும். மண்டை எலும்பை அதிரவைத்து உள்காதை நேரடியாகப் பார்க்கும் எலும்பு வழிச் சோதனை நன்றாக இருக்கும், நடுக்காதைப் பார்க்கும் டிம்பனோகிராமும் நார்மலாக இருக்கும், நேரில் பேசினால் ஐயா தெளிவாகப் பதில் சொல்வார். ஆடியோகிராம் மட்டும் நடுக்காதில் கோளாறு என்று சொல்லும். இந்த மூன்றோடும் ஆடியோகிராம் ஒட்டாமல் நின்றால் குழாய் மடங்கியிருக்கிறது என்று பிடித்துக்கொள்ளலாம். இன்சர்ட் போட்டு மறுபடி எடுத்தால் ஒரே நிமிடத்தில் உண்மை வெளிவரும்.

இரண்டாவது, 6,000 ஹெர்ட்ஸ் பள்ளம். டிடிஎச்-39-ஐ 6 சிசி கப்ளரில் காலிப்ரேட் செய்யும்போது 6,000-இல் சுமார் 6 டெசிபல் அளவுக்கு ஒரு பொய் இறக்கம் நுழைந்துவிடுவது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். சாதாரண மையத்தில் இது பெரிதாகத் தெரியாது. தொழிற்சாலையில் ஆபத்து. இரைச்சலால் வரும் இழப்பின் கையெழுத்தே 3,000 முதல் 6,000-க்குள் விழும் பள்ளம்தான். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இதைச் சேர்த்தது. பொய்ப் பள்ளத்தைப் பார்த்து அறிக்கை எழுதினால் நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் வீண் அலைச்சல். 4,000 நன்றாக இருந்து 6,000 மட்டும் இறங்கி 8,000 மீண்டும் ஏறியிருந்தால், வேறு வகை ஹெட்போனில் ஒரு தடவை சரிபார்க்காமல் பெயரிடாதீர்கள்.

மூன்றாவது, ஒரு காதுக்குக் கொடுத்த சத்தம் மண்டை வழியாக மறு காதுக்குப் போவது. இந்த வகையில் 40 டெசிபல் தாண்டினாலே தாண்டிப் போகத் தொடங்கலாம். இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது நார்மல் என்று ஒருவர் வந்தால், மாஸ்கிங் (மறு காதுக்கு இரைச்சல் கொடுத்து அதை மறைப்பது) போடாமல் எடுத்த இடது ஆடியோகிராம் 50, 60 டெசிபலில் வந்து நிற்கும். கேட்டது வலது காது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரு காதுகளிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 டெசிபலையும் 70 டெசிபலையும் எல்லையாக வைத்திருக்கிறது. அந்த எல்லையின் மேலேயே வந்து உட்காருகிற பொய் இது.

நம் ஊருக்கே உரிய சின்னத் தொல்லைகளும் உண்டு. ஜிமிக்கி, மாட்டல், கண்ணாடிக் கம்பி, பட்டைக்கு அடியில் மல்லிகைச் சரம். ஒவ்வொன்றும் குஷனுக்கும் காதுக்கும் நடுவே ஒரு சந்து விடும். சோதனைக்கு முன்னால் கழற்றச் சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டாம். தலை எண்ணெய் ரப்பரைப் பிளக்கும். வெடிப்பு விட்ட குஷனை மாற்றிவிடுங்கள், செல்லோடேப் ஒட்டி ஓட்டாதீர்கள்.

## காதை முழுதும் மூடுவது: டிடி-450, எச்டிஏ வகை

மடலை அழுத்தாமல் அதைச் சுற்றித் தலையோடு உட்காரும். குழாய் மடங்கும் பிரச்சினை பெருமளவு குறையும், இரைச்சலும் நன்றாக அடங்கும். 16,000 ஹெர்ட்ஸ் வரை சோதிக்க முடிவது இதன் தனிச்சிறப்பு. காதுக்குக் கெடுதல் செய்யும் மருந்துகள், உதாரணமாக சிஸ்பிளாட்டின், அமிகாசின் போன்றவை, முதலில் தாக்குவது 8,000-க்கு மேலே. புற்றுநோய், காசநோய் மருத்துவர்களிடமிருந்து நோயாளிகள் வரும் இடமென்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே இதைத் தேர்ந்தெடுக்கலாம். மற்ற இரண்டு வகைகளும் 8,000-உடன் நின்றுவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகள் சில்லறையானவை அல்ல. மேல் அதிர்வெண்களில் ஒலி அலையின் நீளம் கப் அளவுக்கே வந்துவிடுவதால், கப் ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே நகர்ந்தாலும் 6,000, 8,000-இல் அளவு மாறும். ஒலி எழுப்பும் டிரைவரின் நடுப்பகுதி காதுத் துளைக்கு நேராக நிற்க வேண்டும். மாட்டிவிடுபவர் குனிந்து பார்த்துச் சரிசெய்யாவிட்டால் 5 முதல் 10 டெசிபல் வரை தவறலாம். சிறு பிள்ளைகளின் தாடைக்குக் கீழே கப் தொங்கும், கீழ் ஓரத்தில் காற்று புகும். எடையும் அழுத்தமும் அதிகம். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் இருபது நிமிடம் இதைப் போட்டுக்கொண்டிருந்தால் வியர்வை குஷனுக்குள் இறங்கும், ஆள் கவனம் போகும், பதிலும் தடுமாறும்.

மறைமுகச் செலவு இரண்டு. குஷன் ஜோடி விலை அதிகம், ஊறி இறுகினால் மாற்றித்தான் ஆக வேண்டும். அடுத்து, காலிப்ரேஷன் செய்ய வருகிறவரிடம் செயற்கைக் காதும் தட்டை அடாப்டரும் இருக்க வேண்டும். 6 சிசி கப்ளர் மட்டும் கொண்டு வந்து, அதன்மேல் இந்தக் கப்பை ஏதோ ஒரு கோணத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் காகிதம் மட்டும்தான். எச்டிஏ-200 உற்பத்தி நின்றுவிட்டது. பழைய மெஷினோடு அது வருகிறது என்றால் உதிரிபாகம் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

## செருகுவது: இஆர்-3ஏ, ஐபி-30 வகை

சின்னப் பெட்டிக்குள் டிரைவர், அதிலிருந்து சுமார் 24 சென்டிமீட்டர் குழாய், முனையில் மஞ்சள் ஃபோம் டிப். இரைச்சல் தடுப்பில் இதற்கு நிகர் இல்லை. குழாய் மடங்காது. மறு காதுக்குத் தாண்டுவதற்குக் குறைந்தது 55 டெசிபலாவது வேண்டும், ஆழமாகச் செருகினால் இன்னும் கூடும். எனவே மாஸ்கிங் போட வேண்டிய தருணங்கள் வெகுவாகக் குறையும். சந்தடி மிகுந்த கட்டடத்தில் சத்தம் புகாத பூத் கட்டப் பணமில்லை என்றால் இதுதான் வழி.

இதன் பலம் முழுவதும் செருகும் விதத்தில் இருக்கிறது. ஒட்டாஸ்கோப்பில் காதைப் பார்த்துக் குறும்பி இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஃபோமை இரு விரலால் உருட்டி மெல்லிய குச்சியாக்கி, பெரியவர்களுக்கு மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துக் குழாய் நேரானதும் உள்ளே விடுங்கள். ஃபோமின் வெளி விளிம்பு காதுத் துளை வாயோடு சமமாகவோ இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளேயோ இருக்க வேண்டும். விரியும் வரை அரை நிமிடம் விரலால் தாங்கிப் பிடியுங்கள். அவசரத்தில் பாதி வெளியே நிற்கும்படி செருகினால் அட்டவணையில் சொன்ன 38 டெசிபல் கைக்கு வராது, 250-இல் அளவும் இறங்கும்.

எப்போது இது தப்பாகக் காட்டும் என்பதைப் பலர் சொல்வதில்லை. இன்சர்ட்டின் கணக்கு, டிப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவே உள்ள சின்னக் காற்றறையை நம்பிப் போட்டது. செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, மாஸ்டாய்டு அறுவை சிகிச்சையில் பெரிய குழி விட்டிருந்தாலோ, அந்த அறை பல மடங்கு பெரிதாகிவிடும். கீழ் அதிர்வெண்களில் ஒலி அழுத்தம் விழும், காது உள்ளதைவிட மோசமாகத் தெரியும். சின்னக் குழந்தையின் காதில் நேர்மாறு: அறை சிறியது, அழுத்தம் ஏறும், கேட்பு உள்ளதைவிட நன்றாகத் தெரியும். பல காலமாகச் சீழ் வடிந்து ஓட்டை விட்ட காதுகள் நம் ஊர்ப் புற நோயாளிப் பிரிவுகளில் அபூர்வமில்லை. அத்தகைய காதுக்குக் கீழ் அதிர்வெண்களில் காது மேல் அமரும் வகையே பிழை குறைந்தது. இப்போது சீழ் வடிகிற காதுக்குள் டிப்பைச் செருகவே கூடாது.

எலும்பு வழி அதிர்வியை வைக்கும்போது இரண்டு காதிலும் இன்சர்ட் அப்படியே இருந்தால் காதை அடைத்ததாலேயே கீழ் ஒலிகள் கூடுதலாகக் கேட்கும் அடைப்பு விளைவு வந்து 1,000-க்குக் கீழே எலும்பு வழி நன்றாக இருப்பதுபோல் காட்டும். சோதிக்கும் காதிலிருந்து கழற்றிவிடுங்கள்.

செலவு மெஷினில் இல்லை, டிப்பில் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு ஜோடி, முடிந்ததும் குப்பை. 400 பேருக்கு ஆண்டுப் பரிசோதனை என்றால் 400 ஜோடி, பெரியது சிறியது கலந்து. கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கழுவிய ஃபோம் முழுதாக விரியாது, தொற்றும் பரவும். குழாய் முனையில் குறும்பி அடைத்துக்கொள்வது இன்னொரு வழக்கமான கோளாறு. ஒரு காது மட்டும் எல்லா அதிர்வெண்ணிலும் திடீரென இறங்கினால் ஆளைத் திட்டுவதற்கு முன் குழாயைப் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் அடைத்திருக்கும்.

## கையில் இருக்கும் பாட்டு ஹெட்போனும் ஃபோன் ஆப்பும்

இலவசம் என்பதால் கேட்பவர்கள் அதிகம். சுருக்கமான பதில்: டெசிபல் எண் வேண்டுமானால் வேண்டாம்.

ஆப்பிலிருந்து செவிப்பறை வரை எதுவுமே காலிப்ரேட் ஆகவில்லை. ஆண்ட்ராய்டு ஃபோனில் வால்யூம் பொதுவாகப் பதினைந்து படிதான், ஒவ்வொரு படியும் எத்தனை டெசிபல் என்பது ஃபோனுக்கு ஃபோன் மாறும். ப்ளூடூத் இயர்பட்ஸ் சில, மிக மெல்லிய ஒலி வந்தால் அதை மௌனம் என்று எண்ணி வெட்டிவிடும். சோதனைக்கு வேண்டியதே அந்த மெல்லிய ஒலிதான். நாய்ஸ் கேன்சலிங் கீழ் அதிர்வெண் உறுமலை அடக்கும், பதிலுக்குத் தன் சொந்த "ஸ்ஸ்" ஒலியைப் பின்னணியில் விடும். ஈக்வலைசர், ஸ்பேஷியல் ஆடியோ எல்லாம் உங்களுக்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும். பின்பக்கம் திறந்த ஓப்பன்-பேக் ஹெட்போன் பாட்டுக்குச் சுகம். அறை இரைச்சலை அது தடுப்பதே இல்லை.

விதிவிலக்கு இரண்டு. 2024 இறுதியில் ஆப்பிள், ஏர்பாட்ஸ் ப்ரோ 2-க்குக் கேட்புச் சோதனையைக் கொண்டு வந்தது. அங்கே டிரைவர், மைக், மென்பொருள் எல்லாம் ஒரே கம்பெனியின் கையில் இருப்பதால் அளவைக் கட்டுப்படுத்த முடிகிறது. எந்த இயர்போனுக்கும் எந்த ஆப்பும் அதைச் செய்யும் என்று அதிலிருந்து முடிவு கட்டக்கூடாது. இரண்டாவது, இரைச்சலுக்குள் எண்களைச் சொல்லிக் கேட்கும் சோதனை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஹியர்டபிள்யூஎச்ஓ ஆப் இந்த வகை. இதில் பேச்சும் இரைச்சலும் ஒரே ஹெட்போன் வழியாக வருவதால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமே மதிப்பெண், ஹெட்போனின் குணம் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். வீட்டில் ஒருவருக்குக் காதில் சந்தேகம் இருக்கிறது, டாக்டரிடம் போகலாமா என்று முடிவெடுக்க இது போதும். எண்கள் சொல்லப்படும் மொழி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

## ஒரு பொறி: கப்புக்குள் டிடிஎச்

காது மேல் அமரும் ஹெட்போனை, இரைச்சல் தடுக்கும் பெரிய கப்புக்குள் புதைத்து "சவுண்ட் ப்ரூஃப் ஹெட்போன்" என்று தருவார்கள். ஆடியோகப் என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய கப், உள்ளே பழைய குஷன். உள் குஷன் காதில் சரியாக உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்க்க வழியில்லை, அழுத்தும் விசையும் தரநிலையில் சொன்னது இல்லை. கீழ் அதிர்வெண்களில் தடுப்பும் எதிர்பார்க்கிற அளவு கிடைக்காது. இதற்குக் கொடுக்கும் பணத்தை இன்சர்ட்டுக்குப் போடுவதே மேல்.

## யாருக்கு எது

ராணிப்பேட்டை, ஆம்பூர் போன்ற இடங்களில் ஆலை வளாகத்துக்குள்ளேயே சோதனை என்றால் இன்சர்ட். தோல் பதனிடும் டிரம் சுற்றும் சத்தமும் கம்ப்ரஸரும் சுவர் வழியாக வந்தே தீரும், அவை கீழ்ப் பட்டைகளில்தான் கனமாக இருக்கும், மற்ற இரண்டும் பலவீனமாக இருப்பது அங்கேதான். 6,000 ஹெர்ட்ஸ் பொய்ப் பள்ளமும் கூடவே போய்விடும். ஷிஃப்ட் முடிந்து வருகிறவரை நேராக உட்கார வைக்காதீர்கள். முதல் ஆண்டு அடிப்படை ஆடியோகிராமுக்கு 14 மணி நேரமாவது இரைச்சல் இல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்கிறது ஓஷா. காலை ஷிஃப்டுக்கு முன்னால் எடுப்பதே வசதி. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: போன ஆண்டு டிடிஎச், இந்த ஆண்டு இன்சர்ட் என்று மாற்றினால், காணும் 5, 10 டெசிபல் மாற்றம் காதினுடையதா ஹெட்போனுடையதா என்று பிரிக்க முடியாது. மாற்றும் ஆண்டில் சிலருக்காவது இரண்டிலும் எடுத்துக் கோப்பில் வையுங்கள்.

பள்ளி முகாமுக்கு டிடிஎச் வகையே போதும், ஒரு நிபந்தனையோடு. 1,000, 2,000, 4,000 ஹெர்ட்ஸ் மூன்றையும் 20 டெசிபலில் மட்டும் கேட்டுவிட்டு 500-ஐ விட்டுவிடுங்கள். 1,000 ஹெர்ட்ஸ் பட்டையில் அறை இரைச்சலுக்கு எல்லை 26 டெசிபல். 20-இல் மட்டும் சோதிப்பதால் அது 46 ஆகத் தளரும். பின் வரிசை வகுப்பறையில், மதிய உணவு இடைவேளை தவிர்த்த நேரத்தில், இது கிடைக்கக்கூடிய அளவு. நெடுஞ்சாலையை ஒட்டிய பள்ளி என்றால் லாரி ஹாரன் வரும் நேரத்தில் பதில் தராத பிள்ளையை ஃபெயில் போடாமல் மறுபடி கேளுங்கள். தேறாத பிள்ளைக்கு இன்சர்ட்டில் இரண்டாம் சுற்று.

சரியான பூத் கட்டிய நகர மையத்துக்கு டிடிஎச்-உம் இன்சர்ட்டும் இரண்டுமே வேண்டும். பெரும்பாலான மெஷின்களில் இரண்டுக்கும் தனித்தனிக் காலிப்ரேஷனை நினைவில் வைக்கலாம். அன்றாடம் ஒன்று, சந்தேகம் வந்தால் மற்றொன்று. ஒன்று சொன்னதை இன்னொன்று மறுக்கும்போதுதான் குழாய் மடங்கியதும் கசிவும் பிடிபடும். மருந்துப் பாதிப்பைக் கண்காணிக்கும் பெரிய மருத்துவமனைகள் மட்டும் மூன்றாவதாகக் காதை மூடும் வகைக்குப் போகட்டும்.

## பணம் கட்டுவதற்கு முன்

விற்பவரிடம் கேளுங்கள்: இந்த ஹெட்போனுக்கு எந்த கப்ளரில் காலிப்ரேட் செய்வீர்கள்? சான்றிதழில் மெஷின், ஹெட்போன் இரண்டின் சீரியல் எண்ணும் இருக்குமா? ஒவ்வொரு கூடுதல் ஹெட்போனுக்கும் ஆண்டுக் கட்டணம் தனியா? காலிப்ரேஷனுக்கு மெஷின் சென்னைக்குப் போக வேண்டுமா, ஆள் வேலூருக்கு வருவாரா? போனால் எத்தனை நாள் மையம் மூடிக் கிடக்கும்?

பெட்டி திறந்ததும் சிவப்பு வலது, நீலம் இடது என்று இரு பக்கமும் ஒலியை அனுப்பிக் கேட்டுப் பாருங்கள். ஜாக் மாறிச் செருகி வலதும் இடதும் தலைகீழான ஆடியோகிராம்கள் நினைப்பதைவிட அதிகம். வயரைத் தலைப்பட்டை அருகிலும் ஜாக் அருகிலும் வளைத்துக்கொண்டே 1,000 ஹெர்ட்ஸ் தொனியைக் கேளுங்கள், கரகரப்பு இருந்தால் அன்றே திருப்பிவிடுங்கள். நன்றாகக் கேட்கும் ஒரு ஊழியரின் ஆடியோகிராமை எடுத்து ஒட்டி வைத்து, தினமும் காலையில் அதே ஆளுக்கு மூன்று அதிர்வெண் பாருங்கள். 10 டெசிபல் விலகினால் அன்றைக்கு நோயாளியை உட்கார வைக்காதீர்கள். குஷனும் ஃபோம் டிப்பும் இருப்பில் இருக்கும், இத்தனை நாளுக்குள் வந்து சேரும் என்பதை விற்பவர் கையால் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.